கைராசி இல்லை என்று விட்டுவிடாதீர்கள்: யாழ்ப்பாண வளவில் பூச்செடி வளர்க்கும் முறை

பூக்கன்று வாங்கிவந்து நட்டு, ஒரு மாதத்தில் அது வெளிறிப் பட்டுப்போனதும் "எனக்குக் கைராசி இல்லை" என்று விட்டுவிடுகிறவர்கள் நம் ஊரில் அதிகம். எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். படலையடியில் அவர் நட்ட வெட்சி இரண்டு வருடமாக முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. இலைகள் எலுமிச்சம்பழ மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அம்மா காலையும் மாலையும் கிணற்று நீர் அள்ளி ஊற்றினார். மஞ்சள் கூடியதே தவிரக் குறையவில்லை. வெங்காயத் தோட்டம் செய்யும் பெரியப்பா ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதற்குத் தண்ணீர் குறைவில்லை. கல்லுத் தண்ணீர் கூடிப்போயிற்று" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் யாழ்ப்பாணத்துப் பூந்தோட்டத்தின் பாதி விஷயம் அடங்கிவிட்டது. நம் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டே கீழே இறங்கிக் கிணற்றில் ஊறுகிறது. கேத்திலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு நாம் ஊற்றும் ஒவ்வொரு வாளி நீரோடும் செடியின் அடியில் சேர்கிறது. மண்ணின் காரத்தன்மை ஏற ஏற, அதிலுள்ள இரும்பு வேரால் உறிஞ்ச முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. வலிகாமத்துச் செம்மண்ணுக்கு அந்தச் சிவப்பைக் கொடுப்பதே இரும்புதான். அத்தனை இரும்பின் நடுவில் நின்றுகொண்டுதான் வெட்சி இரும்புக்கு ஏங்கி மஞ்சளாகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்கினால் மீதி வேலை கடினமானதல்ல.

முதலில் மண்ணைப் பாருங்கள்

செடி நிற்கப்போகும் இடத்தில் ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக் காயவிடுங்கள். அதைச் சிரட்டையில் போட்டு, சமையலறையில் இருக்கும் வினாகிரியை இரண்டு கரண்டி ஊற்றிக் காதருகே பிடியுங்கள். சோடாப் போத்தலைத் திறந்ததுபோலச் சீறி நுரைத்தால் அந்த இடத்தில் சுண்ணாம்பு அதிகம். நுரை இல்லாவிட்டால் நல்லது. ஒரே வளவிலேயே இடத்துக்கு இடம் இது மாறும். புதிதாகச் சீமெந்து மதில் கட்டிய ஓரத்தில் எப்போதும் நுரைக்கும், ஏனென்றால் மேசன்மார் கொட்டிய சாந்தும் கல்லுத் துண்டுகளும் அங்கேதான் புதைந்திருக்கும். மதிலோரம் வரிசையாக வெட்சி நடுவது அழகுதான், ஆனால் அந்த மண்ணை ஒன்றரை அடி ஆழத்துக்கு மாற்றாமல் நடாதீர்கள்.

வடமராட்சி, தென்மராட்சிப் பக்கம் மணற்பாங்கான வளவு என்றால் சிக்கல் வேறு: நீரும் பசளையும் நிற்காமல் இறங்கிவிடும். தீவகத்திலும் கடற்கரையோரத்திலும் கிணறு உவர்ப்பாக இருக்கலாம். அங்கே அலரி, நித்தியகல்யாணி, போகன்வில்லா ஆகிய மூன்றிலிருந்து தொடங்குவதே புத்தி.

எந்தக் கன்றில் தொடங்குவது?

கடையில் பூத்து நிற்கும் கன்றைப் பார்த்து வாங்குவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் பிழை. அவற்றில் பல மலைநாட்டிலிருந்து வருகின்றன. அங்கே குளிர், புளிப்பான மண், மென்மையான நீர். பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்றே அதை நம் முற்றத்து வெயிலில் நட்டால் எப்படித் தாங்கும்? ரோசாவும் அந்தூரியமும் இரண்டாம் வருடத்துக்கு இருக்கட்டும்.

முதல் வருடத்துக்குச் செவ்வரத்தை, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, கனகாம்பரம், ஒரு மல்லிகை போதும். இவை நம் மண்ணோடு பழகியவை. அயல் வீட்டில் கேட்டாலே தடியோ விதையோ கிடைக்கும். கனகாம்பரம் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் சொந்தமான செடி, அரை நிழலிலும் பூக்கும். அதன் முற்றிய காய்கள் சிலவற்றை ஒரு தட்டில் வைத்து இரண்டு துளி நீர் தெளித்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் 'பட்' என்று வெடித்து விதைகள் நாலாபக்கமும் தெறிக்கும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அதற்குப் பிறகு அந்தச் செடிக்கு நீர் ஊற்ற ஆள் தேட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு. நித்தியகல்யாணியும் கார்த்திகைப்பூவும் அப்படியே, அதிலும் கார்த்திகைப்பூவின் கிழங்கு உயிருக்கே ஆபத்து. தவழும் குழந்தையோ கட்டாத ஆடோ உள்ள வீட்டில் இவற்றை எட்டாத இடத்தில் வையுங்கள். வெட்டிய அலரிக் கிளைகளை எரிக்கவும் கூடாது, புகையும் நல்லதல்ல.

புரட்டாசியில் குழி

யாழ்ப்பாணத்துக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். ஆகவே குழியைப் புரட்டாசியில் வெட்டுங்கள். செவ்வரத்தைக்கும் மல்லிகைக்கும் ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். கல் தட்டினால் அலவாங்கு எடுக்க வேண்டிவரும். அரை அடியிலேயே பாறை வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், அல்லது பூச்சாடிக்கு மாறுங்கள்.

இனி நம் தோட்டக்காரர்கள் காலங்காலமாகச் செய்யும் வேலையைச் செய்யுங்கள்: குழை தாழ்த்துங்கள். பூவரசங்குழை, வேப்பங்குழை, சீமைக்கிளுவை எது வேலியில் இருக்கிறதோ அதை வெட்டி, குழியின் அடியில் ஒரு சாண் கனத்துக்குப் போட்டு மிதியுங்கள். அதன்மேல் ஒரு கடகம் உக்கிய மாட்டெரு, பிறகு மண். மூன்று வாரம் அப்படியே கிடக்கட்டும். குழை அழுகும்போது சூடு கிளம்பும், உடனே நட்டால் வேர் வெந்துபோகும். அது நன்றாக உக்கியதும் மண் பொதுபொதுவென்று ஆகி, ஈரத்தைப் பிடித்து வைக்கும். உக்கும்போது உண்டாகும் அமிலங்கள் சுண்ணாம்பின் பிடியையும் கொஞ்சம் தளர்த்தும். கடையில் வாங்கும் எந்தப் பசளையையும்விட இந்தக் குழைமேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

பூச்சாடி என்றால் செம்மண், கூட்டெரு, தும்புச்சோறு மூன்றும் சம பங்கு. தும்புச்சோற்றில் உப்பு இருக்கும், இரண்டு முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலவுங்கள். சாடியின் அடியில் துளை கட்டாயம். ஓட்டுத் துண்டு ஒன்றால் துளையை மூடி, அதன்மேல் கலவையை நிரப்புங்கள்.

செவ்வரத்தைத் தடி வைத்தல்

காசில்லாமல் தோட்டத்தைப் பெருக்கும் வழி இது. முதல் மழை விழுந்த வாரத்தில் செய்யுங்கள்.

1. பென்சில் தடிப்பில், இளம் பச்சையும் இல்லாத, முற்றிக் கட்டையாகவும் போகாத கிளை ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு இருக்க வேண்டும்.
2. கீழ்ப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேற்பக்கத்தை நேராகவும் வெட்டுங்கள். இப்படி வெட்டினால் எது தலை, எது கால் என்று பிறகு குழம்ப வேண்டியதில்லை.
3. நுனியில் இரண்டு இலையை விட்டு மற்றவற்றை நீக்குங்கள். அந்த இரண்டையும் பாதியாகக் கத்தரித்துவிடுங்கள். இலை பெரிதாக இருந்தால் வேர் வருமுன்னே தடி வற்றிப்போகும்.
4. அடியில் துளையிட்ட தயிர்ச் சட்டியிலோ பொலித்தீன் பையிலோ மணலும் தும்புச்சோறும் சமமாக நிரப்பி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். சுற்றியுள்ள மண்ணை விரலால் அழுத்துங்கள்.
5. கிணற்றடி வாழையின் நிழல் போன்ற இடத்தில் வைத்து, ஈரம் காயாமல் பாருங்கள். இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். மூன்று நான்கு வாரத்தில் புதுத் தளிர் வரும். தளிர் நான்கு இலையாக விரிந்த பிறகு குழிக்கு மாற்றுங்கள்.

போகன்வில்லாவும் தடியில் வரும், ஆனால் அதற்கு முற்றிய கிளை வேண்டும், பொறுமையும் கூட வேண்டும். நந்தியாவட்டை செவ்வரத்தையைப் போலவே. பத்துமணிப்பூவுக்கு எதுவுமே தேவையில்லை, ஒரு விரல் நீளத் தண்டைக் கிள்ளி ஈர மண்ணில் குத்திவிட்டால் போதும்.

நட்ட பிறகு தண்ணீர்

கன்றைப் பின்னேரத்தில் நடுங்கள். நட்டவுடன் ஒரு பூவாளி நிறைய நீர். மழை நாட்களில் அதற்குப் பிறகு நீங்கள் ஊற்றத் தேவையில்லை, அடியில் நீர் தேங்காமல் வாய்க்கால் கீறிவிட்டால் சரி.

சிக்கல் தொடங்குவது தை கழிந்த பிறகுதான். வைகாசியில் சோளகம் வீசத் தொடங்கினால் வெயிலைவிடக் காற்றுதான் செடியை உலர்த்தும். தென்மேற்குப் பக்கம் கிடுகு வேலியோ மதிலோ இருந்தால் இளங்கன்றுகளை அதன் மறைவில் வையுங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்கு ஊற்றாதீர்கள். தினமும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட, ஒன்றைவிட்ட நாள் ஒரு வாளி ஆழமாக ஊற்றுவது நல்லது. வேர் கீழே இறங்கும், சுண்ணாம்பும் மேல் மண்ணில் தங்காது. இலையின்மேல் ஊற்றாதீர்கள், காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விழும். வேரடியைச் சுற்றிப் பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கி, சருகு போட்டு மூடுங்கள், தண்டை மட்டும் தொடாமல்.

மழைக்காலத்தில் கூரை நீரைப் பீப்பாயில் பிடித்து வையுங்கள். வெட்சிக்கும் ரோசாவுக்கும் அதைப்போல மருந்து இல்லை. பீப்பாயை இறுக மூடுங்கள். பூச்சாடிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை மழை நாட்களில் எடுத்துக் கவிழ்த்துவிடுங்கள். கார்த்திகை முதல் தை வரை டெங்கு பரவும் காலம், அந்தத் தட்டுத் தண்ணீரே நுளம்புக்குப் போதும்.

இலை மஞ்சளானால்

எல்லா மஞ்சளும் ஒன்றல்ல. கீழ் இலைகள் முழுதாக மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவாகவோ நீர் தேங்கியதாகவோ இருக்கலாம். எரு இடுங்கள், வடிகாலைப் பாருங்கள். நுனித் தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அதுதான் இரும்புக் குறைவு, எங்கள் படலையடி வெட்சிக்கு வந்தது. அதற்கு இரும்புச் சல்பேற்று ஒரு லீற்றர் நீருக்கு ஐந்து கிராம் கரைத்து, வெயில் தணிந்த பிறகு இலையில் தெளியுங்கள். மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதையும் கட்டிப்போட்டுவிடும். மாதம் ஒருமுறை, தளிர் பச்சையாகும் வரை. மழைநீர் இருந்தால் அதில் கரையுங்கள். சுவரிலோ சீமெந்துத் தரையிலோ பட்டால் துருக்கறை போகாது, கவனம்.

அத்தோடு நிறுத்த வேண்டிய பழக்கம் இரண்டு. அடுப்புச் சாம்பலை வெட்சியடியில் கொட்டாதீர்கள், அது காரத்தை ஏற்றும். முட்டைக்கோதைப் பொடித்துப் போடச் சொல்லும் காணொளிகள் ஏராளம். சுண்ணாம்பு இல்லாத ஊர்களுக்கு அது சரி. நாம் ஏற்கெனவே சுண்ணாம்பின்மேல்தான் குடியிருக்கிறோம்.

எங்கள் வெட்சிக்குப் பெரியப்பா சொன்னபடி சுற்றி வட்டமாக வெட்டிப் பூவரசங்குழை தாழ்த்தினோம், இரும்பும் தெளித்தோம், அந்த மாரி முழுதும் மழைநீர் குடித்தது. அடுத்த சித்திரையில் அம்மா பூத்தட்டத்தோடு படலையடிக்குப் போகத் தொடங்கினார்.

செவ்வரத்தையில் வெள்ளைப் பஞ்சு

செவ்வரத்தைக் குருத்தில் வெள்ளைப் பஞ்சுபோல அப்பிக்கொள்வது மாவுப்பூச்சி. முதலில் எறும்பு ஊர்கிறதா என்று பாருங்கள். பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். அதிகம் பிடித்த நுனியை வெட்டி எரித்துவிட்டு, மீதியை நீரால் வேகமாக அடித்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்காரக் கரைசலும் கலந்து, இலையின் கீழ்ப்பக்கமும் நனையும்படி பின்னேரத்தில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். கோயிலுக்குப் பூ ஆய்வதானால் அன்று காலை ஆய்ந்துவிட்டுப் பின்னேரம் தெளிப்பது வசதி.

தையில் கத்தரித்தல்

போகன்வில்லாவில் நாம் பூ என்று நினைக்கும் நிறமெல்லாம் இலைகள்தான், உண்மையான பூ நடுவில் நிற்கும் சின்ன வெள்ளைக் குழல். அந்த நிறம் வேண்டுமானால் அதைக் கொஞ்சம் தாகத்தில் வையுங்கள். எருவும் நீரும் கூடினால் முள்ளும் பச்சையும்தான் மிஞ்சும்.

மல்லிகைதான் கத்தரித்தலுக்கு மிகவும் நன்றி காட்டும் செடி. மழை ஓய்ந்த தையில் ஒரு வாரம் நீரை நிறுத்தி, பிறகு முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். காய்ந்த குச்சி, பின்னிக் கிடக்கும் கொடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். முதல் முறை வெட்டும்போது கை நடுங்கும், செடியைக் கொன்றுவிட்டோமோ என்று தோன்றும். மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு விடும், பழைய கிளையை வைத்துக்கொண்டு பூவுக்குக் காத்திருப்பதில் பயனில்லை. வெட்டியதும் அடியைக் கொத்தி, இரண்டு கை உக்கிய எருவும் ஒரு கை வேப்பம் பிண்ணாக்கும் இட்டு நீர் ஊற்றுங்கள். பங்குனியில் மொட்டு வெளுக்கத் தொடங்கும். பின்னேரம் நான்கு மணிக்கு, விரியாத முழு மொட்டாகப் பார்த்து ஆய்ந்து கட்டிவையுங்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு விரிந்துவிடும்.