முள் காலியில், டேங்க் நிறைய பெட்ரோல்

டேங்க்கை நிரப்பினாலும் பெட்ரோல் முள் காலியிலேயே கிடந்தது. வண்டி குலுங்கினால் பாதி வரை எழும்பி மறுபடி விழும். மீட்டர் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் குலுக்கலுக்கு அசைகிறதே, மீட்டர் உயிரோடுதானே இருக்கிறது?

டேங்க்குக்குள் பெட்ரோலோடு ஏறி இறங்கி மீட்டருக்கு அளவு சொல்லும் மிதவைக்குப் போகும் கனெக்டரைப் பிரித்து, வயர் பக்கத்து இரு முனைகளையும் சின்னக் கம்பியால் இணைத்த பிறகே சாவியைத் திருப்பினேன். பெட்ரோல் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. முள் ஃபுல்லுக்கு ஓடியது. சில வண்டிகளில் காலிப் பக்கம் போகும். எப்படியோ ஒரு கோடிக்கு நகர்ந்தால் மீட்டரும் வயரும் நலம்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, மிதவை யூனிட்டை எடுத்தேன். மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளக்கும் நிலையில்) வைத்து மிதவைக் கையை மெல்லத் தூக்கினால் எண் சீராக மாற வேண்டும். எனக்குப் பாதி வழியில் எண் அறுந்து போனது. டார்ச் அடித்து உற்றுப் பார்த்தேன்: ரெசிஸ்டன்ஸ் தடத்தில் (மின்தடைப் பட்டையில்) பச்சையாகக் களிம்பு, அதை உரசி நகர வேண்டிய மெல்லிய நாக்கு தடத்தைத் தொடாமல் தூக்கி நின்றது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய துணியால் துடைத்து, நாக்கை மயிரிழை அளவு உள்ளே வளைத்தேன். தயவுசெய்து உப்புத்தாள் போடாதீர்கள், தடமே தேய்ந்துவிடும்.

மிதவை ஓட்டையாகியிருக்கிறதா என்று காதருகே ஆட்டினேன். உள்ளே பெட்ரோல் சத்தமில்லை. கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் மட்டும் புதிது போட்டு மாட்டினேன். பெட்ரோல் ஊற்ற ஊற்ற முள் நிதானமாக ஏறியதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.