யுகோஸ்லாவியாவைத் திரையில் பார்க்க ஒரு வரிசை

யுகோஸ்லாவியா என்ற நாட்டைப் படங்களின் வழியே அறிய நினைப்பவர்களில் பலர் எமிர் குஸ்துரிட்சாவின் ‘அண்டர்கிரவுண்ட்’ படத்தில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பித்தளை வாத்தியங்களின் ஆரவாரத்தையும் குடிவெறிக் கூத்தையும் ரசித்தேனே தவிர, படம் எதைப் பற்றி யாரிடம் வழக்காடுகிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் படம் நாட்டின் வரலாறு முழுவதையும் அறிந்த பார்வையாளரை நோக்கிப் பேசுவது. ஆகவே அதைப் பிற்பாடு பார்ப்பதே நல்லது.

தொடங்குமுன் ஒரு தாளில் அந்த நாட்டின் வரைபடத்தைத் தோராயமாக வரைந்துகொள்ளுங்கள். ஸ்லோவேனியா, குரோவேஷியா, போஸ்னியா-ஹெர்சகோவினா, செர்பியா, மாண்டினீக்ரோ, மாசிடோனியா என ஆறு குடியரசுகள். செர்பியாவுக்குள் வொய்வொதினா, கொசோவோ என்ற இரண்டு தன்னாட்சிப் பகுதிகள். ஆண்டுகளில் ஆறு போதும்: முடியாட்சியாக நாடு உருவான 1918, ஜெர்மனி படையெடுத்த 1941, கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் தலைமையில் சோஷலிசக் கூட்டாட்சி அமைந்த 1945, ஸ்டாலினோடு உறவு முறிந்த 1948, டிட்டோ இறந்த 1980, நாடு உடையத் தொடங்கிய 1991. பிறகு, பார்க்கும் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: கதை நடக்கும் ஆண்டு, படம் எடுக்கப்பட்ட ஆண்டு. இந்த இரண்டில் என் அனுபவத்தில் பின்னதே கூடுதலாகப் பேசும்.

முதல் படமாக ஸ்லோபோடன் ஷியானின் ‘ஹூ’ஸ் சிங்கிங் ஓவர் தேர்’ இருக்கட்டும். 1941 ஏப்ரல் 5 அன்று ஒரு லொடலொடத்த பேருந்தில் சிலர் பெல்கிரேடுக்குப் புறப்படுகிறார்கள். மறுநாள் காலை ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தின் மீது குண்டு வீசப்போகின்றன. அது நமக்குத் தெரியும், பயணிகளுக்குத் தெரியாது. பேருந்துதான் நாடு என்று முதல் பத்து நிமிடத்திலேயே முடிவுகட்டிவிடாமல், பணம் காணாமல் போனதும் பழி யார் தலையில், எவ்வளவு விரைவாக விழுகிறது என்பதைக் கவனியுங்கள். படம் வெளியானது டிட்டோ இறந்த அதே 1980-இல் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தச் சிரிப்பின் அடியிலுள்ள கசப்பும் தெரியும்.

அடுத்து, அரசே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை. இரண்டாம் உலகப்போரில் டிட்டோவின் தலைமையில் ஜெர்மன் படையை எதிர்த்த பார்ட்டிசான் கொரில்லாக்களைப் பற்றிய படங்கள் ஒரு தனி வகையாகவே அங்கு வளர்ந்தன. அவற்றில் ஒன்றைப் பார்த்தால் போதும் என்பது என் கருத்து. அந்த ஒன்று வெல்கோ புலாயிச்சின் ‘பேட்டில் ஆஃப் நெரெத்வா’வாக (1969) இருக்கட்டும். யுல் பிரின்னர், ஆர்சன் வெல்ஸ் போன்றோர் நடித்த இந்தப் படத்துக்காக யாப்லனிட்சாவில் ஓர் உண்மையான பாலத்தையே தகர்த்தார்கள். பிக்காசோ சுவரொட்டி வரைந்து கொடுத்தார். 1943-இல் நடந்த போரைக் காட்டும் இந்தப் படத்தில் பார்ட்டிசான்களை எதிர்த்த உள்நாட்டுப் படைகள் துரோகிகளாகவே வருகின்றன. அவர்கள் எந்த ஊர்க்காரர்கள், ஏன் எதிரியோடு சேர்ந்தார்கள் என்ற கேள்விக்குள் படம் இறங்குவதில்லை. ‘சகோதரத்துவமும் ஒற்றுமையும்’ என்ற அரச முழக்கத்துக்கு அந்தக் கேள்வி இடைஞ்சலானது. ‘செட்னிக்’, ‘உஸ்டாஷா’ என்ற இரு பெயர்களை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: முன்னது செர்பிய முடியாட்சி ஆதரவுப் படை, பின்னது ஹிட்லரின் துணையோடு குரோவேஷியாவை ஆண்ட பாசிச அமைப்பு. தொண்ணூறுகளின் கதைகளில் இவை வசைச்சொற்களாகத் திரும்பி வரும்.

அதே காலத்தில் அரசின் கதையை மறுத்த ‘கறுப்பு அலை’ இயக்குநர்களும் இருந்தார்கள். ஜெலிமிர் ஜில்னிக்கின் ‘ஏர்லி வொர்க்ஸ்’ 1969-இல் பெர்லினில் தங்கக் கரடி விருது பெற்றது. ‘பிளாஸ்டிக் ஜீசஸ்’ எடுத்த லாசர் ஸ்டோயனோவிச்சோ சிறைக்குப் போனார். இந்த வகைப் படங்கள் எல்லோருக்கும் ஒத்துவராது. பொறுமை இருந்தால் பாருங்கள். ஆனால் குஸ்துரிட்சாவின் ‘வென் ஃபாதர் வாஸ் அவே ஆன் பிசினஸ்’ படத்தைத் தவறவிடக் கூடாது. செய்தித்தாளில் வந்த கேலிச்சித்திரம் ஒன்றைப் பற்றிப் போகிறபோக்கில் சொன்ன ஒரு சொல்லுக்காக அப்பா கடின உழைப்புக்கு அனுப்பப்படுகிறார். அவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருப்பதாகச் சிறுவன் நம்புகிறான். ஸ்டாலின் ஆதரவாளர் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை கோலி ஓடோக் தீவில் அடைத்துவைத்த காலம் அது. டிட்டோ இறந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1985-இல், இப்படம் கான் விழாவில் தங்கப்பனை விருதை வென்றது.

போர்ப் படங்களுக்கு வரும்போது ஒரு விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள்: எதையும் தனியாகப் பார்க்காதீர்கள், இணையாகப் பாருங்கள். ஸ்ர்ஜான் டிராகோயெவிச்சின் ‘பிரெட்டி வில்லேஜ், பிரெட்டி ஃப்ளேம்’ (1996) நாடு உடைந்தபோது போஸ்னியாவில் செர்பியர், குரோவேஷியர், போஸ்னிய முஸ்லிம்கள் மோதிக்கொண்ட போர் (1992-95) ஓய்ந்த சூட்டோடு செர்பியாவிலிருந்து வந்த படம். 1971-இல் திறந்துவைக்கப்படும் ‘சகோதரத்துவமும் ஒற்றுமையும்’ சுரங்கப்பாதையில், பின்னாளில் செர்பிய வீரர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். வெளியே சூழ்ந்து நிற்கும் எதிரி பெரும்பாலும் குரலாகவே கேட்கிறான். அதற்கு இணை, போஸ்னியாவின் டானிஸ் டனோவிச் எடுத்த ‘நோ மேன்ஸ் லேண்ட்’ (2001). போஸ்னிய, செர்பியத் தரப்பினர் ஒரே பதுங்குகுழியில் மாட்டிக்கொள்ள, மூன்றாமவன் கண்ணிவெடியின் மேல் அசையாமல் கிடக்கிறான். ‘லகான்’ போட்டியிட்ட ஆண்டில் ஆஸ்கரை வென்றது இந்தப் படம்தான். நம்மில் பலருக்கு அதன் பெயர் தெரியவந்தது அந்த வருத்தத்தின் வழியாகத்தான் இருக்கும்! முதல் படத்தில் எதிரிக்கு முகம் எப்போது கிடைக்கிறது, இரண்டாவதில் ஐ.நா. படையும் தொலைக்காட்சியும் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கின்றன என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது ‘அண்டர்கிரவுண்ட்’ (1995) பார்க்கலாம். உலகப்போர் முடியவில்லை என்று பொய் சொல்லி ஒருவன் தன் ஆட்களை இருபது ஆண்டுகள் நிலவறையில் வைத்து ஆயுதம் செய்யவைக்கிறான். இதற்கும் தங்கப்பனை கிடைத்தது; கூடவே பெரும் சர்ச்சையும் வந்தது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் அலன் ஃபிங்கெல்க்ரோ படத்தைப் பார்க்காமலேயே செர்பியப் பிரச்சாரம் என்று தாக்கி எழுதினார். அது நியாயமில்லை என்றாலும், சர்ச்சைக்குக் காரணமான ஓர் இடத்தை நீங்களே பார்த்து முடிவுசெய்யலாம்: 1941-இன் பழைய செய்திப்படத் துண்டுகளில் மாரிபோரிலும் சாக்ரெப்பிலும் மக்கள் ஜெர்மன் படையை வரவேற்கிறார்கள், பெல்கிரேடோ இடிந்து கிடக்கிறது. துண்டுகள் ஒவ்வொன்றும் உண்மை. அவற்றை ஒட்டிய வரிசை ஒரு வாதம்.

யாஸ்மிலா ஷ்பானிச்சின் இரு படங்களையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘கிர்பாவிட்சா’ (2006) போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் ஒரு பகுதியின் பெயர். போரில் நகரம் முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில் அது செர்பியப் படைகளின் கையில் இருந்தது. போர் முடிந்து ஆண்டுகள் ஆன பிறகு, பள்ளிச் சுற்றுலாக் கட்டணத்தில் சலுகை பெற, தந்தை போரில் வீரமரணம் அடைந்ததற்கான சான்றிதழை மகள் கேட்கிறாள், தாய் தட்டிக்கழிக்கிறாள். போர்க்காட்சி ஒன்றுகூட இல்லாத இந்தப் படம் எனக்கு நெரெத்வாவை விடக் கனமானது. ‘குவோ வாடிஸ், ஐடா?’ (2020) 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000-க்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்ட நாட்களை, ஐ.நா. முகாமின் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றும் ஓர் ஆசிரியையின் ஓட்டத்தில் சொல்கிறது. சர்வதேச நீதிமன்றங்கள் இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்த நிகழ்வு இது. அன்றைய இரவு வேறு படம் வேண்டாம்.

இவற்றுக்குப் பிறகு பிபிசியின் ‘தி டெத் ஆஃப் யுகோஸ்லாவியா’ (1995) ஆவணத்தொடர். செர்பிய அதிபராக இருந்த மிலோசெவிச் உட்பட முடிவுகளை எடுத்த தலைவர்களே அதில் கேமரா முன் பேசுகிறார்கள். முதலிலேயே பார்த்தால் பெயர்க்குவியலாகத் தோன்றும். கதைப்படங்களுக்குப் பின் பார்த்தால், எந்தப் படம் எதைச் சொல்லாமல் விட்டது என்பது வரிசையாகத் தெரியவரும்.

படம் முடிந்ததும் திரையை உடனே அணைக்காமல், பெயர்ப்பட்டியல் ஓடும்வரை உட்கார்ந்திருங்கள். தயாரித்த நாடுகளையும் நடிகர்களின் ஊரையும் பாருங்கள். ஸ்ரெப்ரெனிட்சாவின் ஐடாவாக நடித்த யாஸ்னா ஜூரிச்சிச் செர்பிய நடிகை; அந்தப் படுகொலையை நடத்திய போஸ்னிய செர்பியப் படையின் தளபதி ம்லாடிச்சாக நடித்த போரிஸ் இசாகோவிச், நிஜ வாழ்வில் அவருடைய கணவர்.