மோட்டாருக்கு எத்தனை ஆம்ப்ஸ் பியூஸ் போடுவது?

கிணற்று மோட்டார் காயில் எரிந்துவிட்டால் பழி முதலில் பியூஸ் மேல்தான் விழும். பாவம், காயில் எரியாமல் பார்ப்பது அதன் வேலையே இல்லை. ஒயரோ காயிலோ ஷார்ட் ஆனால் லைனை அறுத்துவிடுவதற்குத்தான் பியூஸ். ஓவர்லோடை, அதாவது மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுப்பதைப் பார்த்துக்கொள்ள ஸ்டார்ட்டருக்குள் ரிலே இருக்கிறது.

5 எச்.பி. மூன்று பேஸ் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) என்று வைத்துக்கொள்வோம். 415 வோல்ட்டில் சுமார் 7.5 ஆம்ப்ஸ் இழுக்கும் (எச்.பி.க்கு ஒன்றரை ஆம்ப்ஸ் என்பது மனக்கணக்கு, நேம் பிளேட்டில் இருப்பதுதான் முடிவு, சப்மெர்சிபிள் என்றால் இன்னும் கூடும்). டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் (லைனை நேராக மோட்டாருக்குக் கொடுப்பது) பச்சைப் பட்டனை அழுத்தியதும் ஓரிரு விநாடிக்கு ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்ப்ஸ் வரை ஏறிவிட்டுத்தான் இறங்கும். 10 ஆம்ப்ஸ் பியூஸ் போட்டால் ஸ்டார்ட் பண்ணும்போதே போய்க்கொண்டிருக்கும். அதனால் 7.5க்கு இரண்டரை மடங்கு கணக்கில் 20 ஆம்ப்ஸ் எச்.ஆர்.சி. (பெரிய ஷார்ட்டையும் பத்திரமாக அறுக்கும் பியூஸ்) போடுங்கள். ஸ்டார்ட்டரோடு அட்டவணை வந்திருந்தால் அதன்படியே போடுங்கள்.

ஆனால் சாதாரண 20 ஆம்ப்ஸ் எச்.ஆர்.சி. பியூஸ் 25 ஆம்ப்ஸைக்கூட ஒரு மணி நேரம் தாங்கும். பம்பில் மண் சிக்கி மோட்டார் 12 ஆம்ப்ஸ் இழுத்துக்கொண்டிருந்தால் காயில் வெந்துவிடும், பியூஸ் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

அங்கேதான் ரிலே. டயலை நேம் பிளேட் ஆம்ப்ஸில் வையுங்கள். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் (முதலில் குறைந்த கரண்டில் கிளப்பி, பிறகு முழு வோல்ட்டேஜுக்கு மாற்றுவது) ரிலே பெரும்பாலும் காயிலுக்குப் போகும் ஒயரில் இருக்கும், அப்படியானால் நேம் பிளேட் ஆம்ப்ஸை 0.58ஆல் பெருக்கி வைக்க வேண்டும். 14 ஆம்ப்ஸ் மோட்டாருக்கு 8. இது தெரியாமல் 14லேயே வைத்திருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிகள் நிறைய. அப்புறம், ட்ரிப் ஆகிறதே என்று டயலை ஏற்றிவிடாதீர்கள். டாங் டெஸ்டரை (ஒயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் மீட்டர்) மூன்று பேஸிலும் மாட்டிப் பாருங்கள்: மூன்றும் சேர்ந்து ஏறியிருந்தால் வோல்ட்டேஜ் குறைவு அல்லது பம்ப் இறுக்கம், ஒன்று மட்டும் தனித்து நின்றால் லைனிலோ கான்டாக்ட்டிலோ கோளாறு.

மூன்றில் ஒரு பியூஸ் மட்டும் போய்விட்டால் இன்னும் மோசம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உறுமிக்கொண்டே மிச்ச இரண்டு பேஸில் ஓடும், அவற்றில் கரண்ட் ஏறத்தாழ 1.7 மடங்காகும். ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் கட்டாயம் வேண்டும். ஒன்று போனாலும் மூன்றையும் மாற்றிவிடுங்கள், மற்ற இரண்டும் சூட்டில் பாதி உருகியிருக்கலாம். பியூஸ் கட்டையில் ஒயரிலிருந்து உருவிய செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டாலோ, ஷார்ட் ஆகும்போது பியூஸுக்கு முன்னால் ஒயர்தான் எரியும்.