அம்மாவின் கொழுந்துக் கணக்குக்கு ஒரு செயலி: புதியவர்களுக்கான செய்முறை

இலங்கையின் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் என் அம்மா, ஒவ்வொரு நிறுவைக்கும் விழுந்த கிலோவை நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்து வைப்பார். மழைக்காலத்தில் தாள் நனைந்து எழுத்து கலைந்துவிடும். ஒரு மாதம் சம்பளத் துண்டில் கிலோ குறைந்திருப்பதாகக் கேட்கப் போனவர், காட்டுவதற்குக் கணக்கு இல்லாமல் திரும்பி வந்தார். நான் செய்த முதல் செயலி அதற்காகத்தான். நீங்களும் உங்கள் லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) ஒருவருக்கு இன்றைக்கே தேவைப்படுகிற ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பயன்படுத்த ஆள் காத்திருந்தால் பாதியில் விட மனம் வராது.

கருவி, எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர்: துண்டுகளை இழுத்துப் பொருத்தியே செயலி செய்ய உதவும் தளம். 2010-இல் கூகுள் தொடங்கியது. 2012 முதல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் நடத்துகிறது. இலவசம். உலாவியிலேயே இயங்குவதால் பழைய மடிகணினியும் போதும். செயலி செய்யும் இன்னொரு கருவியான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகம் வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், கணினியில் ஆப் இன்வென்டர் தளத்தைத் திறந்து கூகுள் கணக்கால் உள்நுழையுங்கள். செய்வதை உடனுக்குடன் சோதித்துப் பார்க்க, தொலைபேசியில் பிளே ஸ்டோரிலிருந்து எம்.ஐ.டி. ஏஐ2 கம்பேனியன் செயலியை நிறுவுங்கள். டேப்லெட் இருந்தால் அதிலும் நிறுவலாம். கணினியும் தொலைபேசியும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். புதிய திட்டத்துக்குப் பெயர் வைக்கும்போது ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துங்கள், இடைவெளி விடாதீர்கள்.

அடுத்து, திரையை வடிவமைக்கும் டிசைனர் பக்கம். இடப்புறத்திலிருந்து, எண்ணை எழுத டெக்ஸ்ட்பாக்ஸ், அழுத்தப் பட்டன், மொத்தத்தைக் காட்ட லேபிள் மூன்றையும் திரைக்கு இழுத்து விடுங்கள். டெக்ஸ்ட்பாக்ஸின் பண்புகளில் 'நம்பர்ஸ் ஒன்லி' என்பதைத் தெரிவுசெய்தால் எண்கள் மட்டும் உள்ள விசைப்பலகை வரும். பட்டனில் 'கிலோவைச் சேர்' என்று தமிழிலேயே எழுதலாம். எழுத்தளவை 24-க்குக் கீழே குறைக்காதீர்கள். மலையிலிருந்து இறங்கி வந்த கை, கறை படிந்திருக்கும், விறைத்திருக்கும். சிறிய பொத்தான் அதற்கு உதவாது.

பின்னர் ஸ்டோரேஜ் பகுதியிலிருந்து டைனிடிபி என்பதையும் இழுத்து விடுங்கள். அது திரையில் தெரியாது; தரவைத் தொலைபேசிக்குள்ளேயே சேமிக்கும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாத நமக்கு இது பெரிய வரம். செய்து முடித்த செயலிக்கு இணையமே தேவையில்லை.

இனி, செயலியின் வேலைகளைத் துண்டுகளாகப் பொருத்தும் பிளாக்ஸ் பக்கம். இங்கே அவசரப்பட வேண்டாம். பட்டனின் 'கிளிக்' துண்டை எடுத்து, அதற்குள் வரிசையாக நான்கு வேலைகளை அடுக்க வேண்டும்: டைனிடிபியிலிருந்து பழைய மொத்தத்தை எடுப்பது, அதோடு டெக்ஸ்ட்பாக்ஸில் உள்ள எண்ணைக் கூட்டிப் புதிய மொத்தமாகச் சேமிப்பது, அதை லேபிளில் காட்டுவது, டெக்ஸ்ட்பாக்ஸை வெறுமையாக்குவது. வரிசை மாறி முதலிலேயே வெறுமையாக்கினால் கூட்ட எண் இருக்காது.

எனக்கு இரண்டு நாட்களைத் தின்றது ஒரு சிறிய இடம். 'கெட் வேல்யூ' துண்டில், சேமித்தது எதுவும் இல்லாவிட்டால் என்ன தர வேண்டும் என்று ஓர் இணைப்பு உண்டு. இயல்பாக அதில் வெற்று எழுத்து இருக்கும். அதை நீக்கிவிட்டு 0 என்ற எண்ணைப் பொருத்துங்கள். இல்லையென்றால் முதல் நாள் முதல் கூட்டலிலேயே பிழைச் செய்தி வரும். அதேபோல, எதையும் எழுதாமல் பொத்தானை அழுத்தினாலும் பிழை வரும். அந்த நான்கு வேலைகளையும் ஓர் 'இஃப்' துண்டுக்குள் வைத்து, நிபந்தனையாக 'இஸ் நம்பர்' என்பதைப் பொருத்தினால் தீர்ந்தது. செயலி திறந்தவுடன் மொத்தம் தெரிய, 'ஸ்கிரீன்1 இனிஷியலைஸ்' துண்டுக்குள்ளும் அதே மொத்தத்தை எடுத்து லேபிளில் காட்டுங்கள்.

கனெக்ட் பட்டியலில் ஏஐ கம்பேனியனைத் தேர்ந்தெடுத்தால் கியூஆர் குறியீடு வரும். தொலைபேசியால் வருடியதும் செயலி உயிர் பெறும். 12, 9, 14 என்று மூன்று நிறுவைகளைப் பதிந்து பாருங்கள். 35 வர வேண்டும். திருப்தி என்றால் பில்ட் பட்டியலில் ஏபிகே கோப்பை உருவாக்கி நிறுவுங்கள். வெளியிலிருந்து வரும் செயலி என்று தொலைபேசி எச்சரித்து அனுமதி கேட்கும். உங்கள் கையால் செய்தது, அனுமதிக்கலாம். பிளே ஸ்டோரில் வெளியிட ஒருமுறை 25 டாலர் கட்ட வேண்டும். வீட்டுப் பயன்பாட்டுக்கு அது தேவையில்லை.

குறித்த அளவுக்கு மேல் பறிக்கும் மேலதிகக் கிலோவுக்கான காசையும் கணக்கிட நினைத்தால், தொகையைத் துண்டுக்குள் நிலையாக எழுதிவிடாதீர்கள். சம்பள விதி மாறும். அதற்கும் ஒரு டெக்ஸ்ட்பாக்ஸ் வைத்து, அம்மாவே மாற்றும்படி விடுங்கள்.

மாதம் முடிந்ததும் மொத்தத்தைப் பூச்சியமாக்க இன்னொரு பொத்தான் வேண்டும். அதை மட்டும் நேரடியாக இயங்க விடாதீர்கள். திரையில் கேள்விப் பெட்டி காட்டும் நோட்டிஃபையரை இழுத்து விட்டு, அதன் 'ஷோ சூஸ் டயலாக்' மூலம் 'அழிக்கவா?' என்று கேட்டு, 'ஆம்' என்றால் மட்டும் அழியச் செய்யுங்கள். ஈரக் கை தவறிப் பட்டு, முப்பது நாள் உழைப்பின் கணக்கு ஒரு நொடியில் போய்விடக் கூடாது.