வெள்ளீய மெருகு: பெயரிலும் சூளையிலும் சறுக்கும் இடங்கள்

மண்பாண்டத்துக்குப் பூசும் வெள்ளீய மெருகை ஆங்கிலத்தில் ‘டின் கிளேஸ்’ என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது, தெருவில் துருத்தி ஊதிப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்தான். நவச்சாரப் புகை, துணியால் ஒரு சுழற்று, உள்பக்கம் வெள்ளி மாதிரி. இது அதுவல்ல. அங்கே பூசுவது உருகிய உலோகம். இங்கே சேர்ப்பது வெள்ளீய ஆக்சைடு என்னும் வெண்தூள். சூட்டில் கண்ணாடியாக உருகும் மெருகுக் கலவையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை அதைக் கலப்பார்கள். மெருகு உருகினாலும் தூளில் பெரும்பகுதி கரையாமல் நுண்துகளாகவே நின்று ஒளியைச் சிதறடிக்கும். அதனால்தான் பழுப்பு மண்தட்டு பால்வெள்ளையாகத் தெரிகிறது.

‘ஈயம்’ என்ற சொல்லால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறோமே, இதில் சாப்பிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சொம்பு வெள்ளீயம். பழைய மெருகிலோ வெள்ளீயத்தோடு காரீயம் என்னும் நச்சு உலோகமும் இருக்கும்: முன்னது வெண்மைக்கு, பின்னது கலவை எளிதில் உருகுவதற்கு. புளி, எலுமிச்சை, வினிகர் பட்டால் அந்தக் காரீயம் உணவில் இறங்கலாம். பழைய தட்டு எத்தனை அழகாக இருந்தாலும் அதில் ஊறுகாய் வைக்காதீர்கள்.

இந்த மெருகு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துக் கண்டுபிடிப்பு என்று எழுதுவது அடுத்த தவறு. 9ஆம் நூற்றாண்டில், அப்பாசியர் ஆண்ட இராக்கின் பஸ்ராக் குயவர்கள் சீனத்து வெள்ளைப் பாண்டங்களைப் பார்த்தார்கள். அவற்றுக்குரிய வெண்களிமண் அவர்களிடம் இல்லை, அத்தனை சூடு ஏறும் சூளையும் இல்லை. மண்ணை வெளுக்க முடியாவிட்டால் மேலே வெள்ளைத் தோல் போர்த்தலாமே என்று இந்த வழிக்கு வந்தார்கள். என்னைக் கேட்டால், மட்பாண்ட வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள போலி வேறில்லை. அங்கிருந்து ஸ்பெயினின் மாலகா, மனிசெஸ் ஊர்களுக்கும், பிறகு இத்தாலிக்கும் போனது. மயோர்கா தீவின் பெயரிலிருந்து ‘மயோலிகா’, ஃபாயென்சா நகரத்தின் பெயரிலிருந்து ‘ஃபயான்ஸ்’ என்று இந்தப் பாண்டங்களுக்குப் பெயர்கள் பிறந்தன. டெல்ஃப்ட் வருவது 17ஆம் நூற்றாண்டில்தான். 1644இல் மிங் அரசு வீழ்ந்த குழப்பத்தில் சீனப் பீங்கான் வரத்து குறைய, அந்த இடைவெளியில் அந்த ஊர்ப் பட்டறைகள் செழித்தன. (யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயரும் இந்த ஊரின் பெயர்தான்.)

நீலமும் வெள்ளையுமாக இருப்பதெல்லாம் இந்த வகை அல்ல. ஜெய்ப்பூர் நீலப் பாண்டத்தின் உடம்பு பெரும்பாலும் குவார்ட்ஸ் கல் தூள். எகிப்தியக் கல்லறைகளில் கிடைக்கும் ‘ஃபயான்ஸ்’ மணிகளும் அப்படியே, பெயர் மட்டும் ஒன்று. இங்கிலாந்தின் மின்டன் ஆலை 1849 வாக்கில் ‘மஜோலிகா’ என்று விற்கத் தொடங்கியவற்றில் பெரும்பாலானவை வண்ணக் காரீய மெருகு. அடையாளம் காண, மூளி விழுந்த விளிம்பைப் பாருங்கள். பீங்கானாக இருந்தால் உள்ளேயும் வெள்ளை. இதில் தடித்த வெள்ளைத் தோலுக்கு அடியில் பழுப்போ மஞ்சளோ கலந்த மண் தெரியும்.

இனி பட்டறைத் தவறுகள். கிடைத்த களிமண்ணில் இந்த மெருகைப் போட்டால் ஆறும்போது வலைவலையாக வெடிக்கும், ஏனென்றால் மெருகு அதிகம் சுருங்கும், மண் அந்த அளவுக்குச் சுருங்காது. பழைய பட்டறைகள் சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணைத் தேடியது இதற்காகத்தான். ஆனால் அந்தச் சுண்ணாம்பு நுண்தூளாகக் கலந்திருக்க வேண்டும். சிறு கல்லாகக் கிடந்தால் சுட்ட பிறகு ஈரம் உறிஞ்சி ஊதி, தட்டில் சில்லு தெறிக்கும்.

ஒருமுறை சுட்ட தட்டை மெருகுக் கரைசலில் முக்கியதும் தண்ணீரை மண் உறிஞ்சிக்கொள்ளும், மேலே மாவுபோல ஒரு படலம் நிற்கும். தூரிகை ஓடுவது அதன்மேல்தான். பட்ட வண்ணம் அப்போதே உள்ளே இறங்கிவிடும், அழித்து எழுத முடியாது. பழகாதவர் தயங்கிய இடமெல்லாம் சுட்ட பிறகு திட்டாகத் தெரியும். டெல்ஃப்ட் ஓவியர்கள் ஊசித்துளையிட்ட காகிதத்தை வைத்துக் கரித்தூள் தட்டி முதலில் கோடு பதித்தார்கள். நம் கோல அச்சு போலத்தான். கரி சூளையில் எரிந்து போகும், வண்ணம் நிற்கும்.

எண்ணெய்ப் பிசுக்குள்ள விரலால் தொட்டாலும், படலம் தடித்தாலும், மெருகு சுருண்டு விலகி மொட்டைத் திட்டு விழும். சூளையில் புகை கட்டினால் வெண்மை மங்கும். உலோக மினுக்கு வண்ணத்துக்கு வேண்டுமென்றே புகை கட்டுவார்கள், அது குறைந்த சூட்டில் தனியாகச் செய்யும் மூன்றாவது சூடு.

நான் பட்ட பாடு ஒன்று. பச்சைக்காகக் குரோமியம் பூசிய கிண்ணத்தை வெள்ளைத் தட்டுகளோடு ஒரே சூளையில் வைத்தேன். குரோமியம் ஆவியாகிப் பக்கத்துத் தட்டுகளின் வெள்ளீயத்தோடு சேர்ந்து, ஆறு தட்டும் ஒரு பக்கம் ரோஜா நிறமாகிவிட்டன. இப்போது பச்சைக்குச் செம்புதான். ஆனால் காரீய மெருகில் செம்பு சேர்ந்தால் காரீயம் இன்னும் எளிதாகக் கசியும். அப்படியொரு பச்சைத் தட்டு செய்தால் சுவரில் மாட்டுங்கள், பந்தியில் வைக்காதீர்கள்.