புகழ்ந்து கொடுத்த துப்பறியும் நாவல் சப்பென்று இருந்தால்

"இதைப் படிக்காம எப்படி இருக்கே?" என்று ஒருவர் கையில் திணித்த நாவல் நூறு பக்கம் தாண்டியும் நகரவில்லையா? மூடி வைக்கும் முன், அதை என்ன சொல்லிப் புகழ்ந்து கையில் தந்தார்கள் என்று யோசியுங்கள். பாதி ஏமாற்றம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' புத்தகத்தை, ஆங்கிலத் துப்பறியும் நாவல்களுக்கு முன்னோடி என்று சொல்லித்தான் அத்தை மகன் எனக்குத் தந்தான். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கொள்ளைபோன வைரத்தோடு கதை அமர்க்களமாகத் தொடங்குகிறது. அப்புறம் யார்க்‌ஷயர் மாளிகையின் வயதான காரியஸ்தர் பெட்டரிட்ஜ் வந்து ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் பேசுகிறார். வைரம் காணாமல் போவதற்குள் பொறுமை போய்விடுகிறது.

இந்த மாதிரி புத்தகம் முதலில் எப்படி வெளிவந்தது என்று பாருங்கள். இது 1868 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை, டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. ஒரே ராத்திரியில் முடிக்க உட்கார்ந்தால் சலிக்கத்தான் செய்யும். தினம் இரண்டு அத்தியாயம் போதும்.

அடுத்து, ஒரே ஒரு தடயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வைரத்தைப் பரிசாகப் பெற்ற ரேச்சலின் அறைக் கதவில் புதுச்சாயம் லேசாகக் கலைந்திருக்கிறது. உள்ளூர் போலீஸ் அதிகாரி அதை அற்ப விஷயம் என்று தள்ளிவிடுகிறார். லண்டனிலிருந்து வரும் துப்பறிவாளர் சார்ஜென்ட் கஃப் விடுவதில்லை. சாயம் பூசி முடித்தது பிற்பகல் மூன்று மணி. காயப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். நள்ளிரவில் பார்த்த பெட்டரிட்ஜின் மகளுக்குக் கதவு நன்றாகவே இருந்தது. அப்படியானால் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் யாருடைய உடையோ அதில் உரசியிருக்கிறது. சாயம் பட்ட அந்த உடை எங்கே? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், வளவளப்பாகத் தெரிந்த பக்கங்களும் வேறு மாதிரி தெரியும்.

குற்றவாளியை முன்பே ஊகித்துவிட்டீர்களா? பரவாயில்லை, எப்படிச் செய்தார் என்பதற்காகத் தொடரலாம். ஆனால் முக்கியமான தடயத்தை வாசகரிடம் காட்டாமலே கடைசியில் ஆளைப் பிடிக்கும் நாவல் என்றால் தாராளமாகக் கோபப்படுங்கள். அது எழுதியவர் செய்த துரோகம்.

கொடுத்தவரிடம் வெறுமனே "நல்லா இல்லை" என்று சொல்லாதீர்கள். "முடிவைச் சொல்லாம, உனக்குப் பிடிச்ச ஒரு இடத்தைச் சொல்லு" என்று கேளுங்கள். ரோஜாச் செடி வளர்ப்பது பற்றி கஃப் தோட்டக்காரரோடு சண்டை பிடிக்கும் இடத்தைச் சொன்னான் அத்தை மகன். அவனுக்கு மர்மத்தைவிட மனிதர்கள்தான் முக்கியம். அவன் தரும் புத்தகங்களை இப்போது அந்தக் கணக்கில்தான் எடுக்கிறேன்.