பழைய சிஐ குழாயில் புது பிவிசி துண்டைக் கசியாமல் சேர்ப்பது எப்படி?

முப்பது நாற்பது வருடத்து அடுக்குமாடிகளில் டக்டுக்குள் (குழாய்கள் இறங்கும் குறுகிய திறப்பு) இறங்கும் 4 அங்குல வார்ப்பிரும்புக் கழிவுநீர் லைன், அதாவது பிளம்பர்கள் சிஐ என்பது, எங்காவது ஓரிடத்தில் பொத்துக்கொள்ளும். முழு லைனையும் மாற்ற எல்லா மாடிக்காரர்களும் சம்மதிக்க வேண்டும். அதுவரை கெட்ட துண்டை மட்டும் வெட்டிவிட்டு பிவிசி போடுவதுதான் வழி. பிவிசி பகுதி பெரும்பாலும் தொல்லை தராது. இரும்பும் பிளாஸ்டிக்கும் சந்திக்கும் இரண்டு முனைகளில்தான் ஒழுக்கு ஆரம்பிக்கும்.

காரணம் எளிது. வெயிலும் வெந்நீரும் சேர்ந்து 30 டிகிரி வித்தியாசம் வந்தால் 3 மீட்டர் பிவிசி குழாய் சுமார் 6 மிமீ நீளும். அதே நீள இரும்பு 1 மிமீதான் நீளும். இடையில் எம்-சீல் என்ற எபாக்ஸி பசைமாவையோ வெறும் சிமெண்டையோ பூசினால் அது நாளும் இழுபட்டு விரியும். பிவிசி ஒட்டும் சால்வெண்ட் பசையோ இரும்பில் பிடிக்கவே பிடிக்காது. ஆகவே ஜாயிண்ட்டில் ஓரிடமாவது அசைந்து கொடுக்க வேண்டும். அங்கே ரப்பர்தான் சரி.

வாங்க வேண்டியவை

எஸ்டபிள்யூஆர், அதாவது கழிவுநீருக்கும் மழைநீருக்குமான பிவிசி குழாயில் 'டைப் பி' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். 110 மிமீ குழாயில் டைப் ஏ-யின் சுவர் 2.2 மிமீ, டைப் பி-யில் 3.2 மிமீ. டைப் ஏ மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உரியது. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றால் கடையை மாற்றுங்கள்.

இரண்டு குழாய் முனைகளையும் சேர்த்துப் பிடிக்கும் ரப்பர் உறை, அதாவது ரப்பர் கப்ளிங், இரண்டு வேண்டும். வெறும் ரப்பர் குழலும் இரண்டு கிளாம்ப்பும் உள்ளதைவிட, மேலே முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை போர்த்தியதே நல்லது. வெறும் ரப்பர் நாளடைவில் தொய்ந்து, குழாய் ஒரு பக்கமாக விலகும். வாங்கும் முன் பழைய குழாயின் வெளிச்சுற்றளவை நூலால் அளந்து 3.14-ஆல் வகுங்கள். 4 அங்குலம் என்பது பெயரளவுதான். வெளிவிட்டம் 110 மிமீ அருகில் இருக்கும், ஆனால் பெயிண்ட்டும் துருவும் அதைக் கூட்டிக்காட்டும். சுரண்டிவிட்டு அளங்கள். அந்த அளவும் 110-உம் கப்ளிங்கில் அச்சிட்ட வரம்புக்குள் வர வேண்டும்.

வெட்டும் முன்

சின்னச் சுத்தியலால் குழாயை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் நல்ல இரும்பு. மொத்தையாகச் சத்தம் வந்தால் விரிசல், அல்லது உள்ளே துரு தின்றிருக்கிறது. சுவரை ஒட்டிய பின்பக்கத்தில் பெயிண்ட் எட்டியிருக்காது, அங்கேதான் அதிகம் அரிக்கும். கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கணீரென்று கேட்கும் இடத்தில்தான் வெட்ட வேண்டும். பொத்தலுக்கு 3 அங்குலம் தள்ளி வெட்டிவிட்டு, மறுபடி அடுத்த 3 அங்குலமும் போனால் வேலை இரட்டிப்பு.

அடுத்தது தாங்கல். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 6 அடி சிஐ குழாய் ஒன்றே 20 கிலோவுக்கு மேல். அதைச் சுவரில் பிடித்திருக்கும் காதுகளின் ஆணி துருப்பிடித்திருந்தால், நீங்கள் வெட்டியதும் மேல் லைன் முழுவதும் இறங்கும். வெட்டும் இடத்துக்கு மேலுள்ள சாக்கெட்டின் (அடுத்த குழாய் உட்காரும் அகன்ற வாய்) அடியில் கனமான புதுக் கிளாம்ப் ஒன்றை ஆங்கர் போல்ட்டில் இறுக்கி, அதன் மேல் சாக்கெட் உட்காரும்படி வைத்த பிறகே கிரைண்டரைத் தொடுங்கள். மேல்மாடிகளில் எல்லாரிடமும் நேரில் சொல்லி, வேலை முடியும்வரை ஃபிளஷ் வால்வை மூடச் சொல்லுங்கள்.

வெட்டுதல்

4 அங்குல கிரைண்டரில் மெட்டல் டிஸ்க், கண்ணாடி, முகமூடி. சுற்றிலும் கோடு போட்டு, ஒரே இடத்தில் அழுத்தாமல் சுற்றிச் சுற்றி ஆழப்படுத்துங்கள். சுவர்ப்பக்கம் டிஸ்க் எட்டாது. அங்கே ஒரு நுனியில் துணி சுற்றிய ஹாக்ஸா பிளேடு போதும். பொறுமை இழந்து உளி வைத்து ஓங்கினால் வார்ப்பிரும்பு கண்ணாடி மாதிரி நீளவாக்கில் பிளக்கும். வெட்டிய விளிம்பின் உள்பிசிரை அரத்தால் தேய்த்துவிடுங்கள். முடியும் துணிநூலும் முதலில் அங்கேதான் சிக்கும்.

கீழ் முனை

கீழே 3 அங்குலம் நேர்க்குழாய் கிடைத்தால் பழைய சாக்கெட்டையும் சேர்த்து வெட்டி எறிந்துவிட்டு அங்கேயும் கப்ளிங் போடுங்கள். தரைக்குள் புதைந்த பெண்டின் (வளைவுக் குழாய்) சாக்கெட் மட்டும்தான் மிச்சம் என்றால் அதைச் சுத்தம் செய்து பயன்படுத்த வேண்டியதுதான்.

பழைய சாக்கெட்டில் ஈயம் இருக்கும். அதை டார்ச் வைத்து உருக்காதீர்கள். ஈயப் புகை விஷம். 6 மிமீ பிட்டால் ஈயத்தில் வரிசையாகத் துளை போட்டு, ஸ்க்ரூட்ரைவரால் நெம்பினால் துண்டு துண்டாக வரும். தூள் பறக்காமல் ஈரத்துணி வைத்துக்கொண்டு, கையுறை போட்டுச் செய்யுங்கள். கீழே துணி அடைத்து வைக்காவிட்டால் ஈயமும் சணலும் பெண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

110 மிமீ பிவிசி அந்தச் சாக்கெட்டில் தொளதொளவென்று, சுற்றிலும் சுமார் 9 மிமீ இடைவெளியோடு நிற்கும். அதன் வழவழப்பில் சிமெண்ட் பிடிக்காது. அதனால் சாக்கெட்டுக்குள் போகும் பகுதியில் சால்வெண்ட் பசை தடவி, காய்ந்த ஆற்று மணலைத் தூவி ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு குழாயை நடுவில் நிறுத்தி, சிமெண்ட் பாலில் நனைத்த சணல் கயிற்றை இரண்டு மூன்று சுற்று அடித்து இறுக்குங்கள். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். மீதியில் ஒன்றுக்கு ஒன்று சிமெண்ட்-மணல் கலவையை இறுக்கமாக அடைத்து, வெளிப்பக்கம் சரிவாக முடியுங்கள். ஈரச் சாக்கு சுற்றி 7 நாள் நனைக்க வேண்டும். இந்த முனை அசையாது. அசைவெல்லாம் மேல் கப்ளிங்கின் பொறுப்பு.

மேல் முனை

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கப்ளிங்கின் உள்ளே நடுவில் ஒரு ரப்பர் வரம்பு இருக்கும். அதனால் அது இரும்பின் மேல் முழுதாக ஏறாது, புதுக்குழாயை நுழைக்க இடமும் இருக்காது. ஸ்டீல் பட்டையைக் கழற்றி மேலே ஏற்றிவிட்டு, ரப்பரை இரும்பில் பாதி நுழைத்து, மீதிப் பாதியைச் சட்டைக் கையை மடிப்பதுபோல மேல்நோக்கிச் சுருட்டுங்கள். பிவிசியை நேராக நிறுத்தியதும் ரப்பரைக் கீழே விரித்தால் சரியாக உட்காரும். வரம்பைப் பிளேடால் சீவிவிடுவதைவிட இது மேல். பிவிசியை 5–6 மிமீ குட்டையாக வெட்டுங்கள். அந்த இடைவெளியில்தான் குழாய் நீளும். வழுக்குவதற்குச் சோப்புநீர் போதும், கிரீஸோ எண்ணெயோ ரப்பரை ஊதவைக்கும்.

கிளாம்ப்பை ஸ்க்ரூட்ரைவரால் இறுக்கினால் போதாது. 7 அல்லது 8 மிமீ பாக்ஸ் ஸ்பேனரால் மேலும் கீழும் மாற்றி மாற்றி இறுக்கி, மறுநாள் மறுபடி ஒரு சுற்று. ஜாயிண்ட்டைச் சுற்றிச் செய்தித்தாள் கட்டி, மேலிருந்து நான்கு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றச் சொல்லுங்கள். தாளில் ஈரப்புள்ளி விழுந்தால் இடம் தெரிந்துவிடும்.

பின்சேர்ப்பு: அடிக்கடி கேட்கப்படுபவை

"குழாயைச் சாக்கெட்டுக்குள் சாய்த்து நுழைக்க முடியவில்லை." துண்டு 3 அடிக்குக் குறைவாக இருந்தால் நுழையாது. இரண்டு துண்டாக வெட்டி, நடுவில் உள்வரம்பு இல்லாத ரிப்பேர் கப்ளரை ஏற்றிக் கீழே இழுத்துவிடுங்கள்.

"கப்ளிங் இறுகியும் ஒரே பக்கம் சொட்டுகிறது." இரும்பில் துருக்குழி இருக்கும். சிலிகான் தடவி ஒட்டுப்போட வேண்டாம். கப்ளிங்கைக் கழற்றி, நல்ல இரும்பு வரும்வரை இன்னும் 3 அங்குலம் வெட்டுங்கள்.